திருவனந்தபுரம்–துபாய்: போக மூணு மணி நேரம்கூட இல்லை, வர அஞ்சரை மணி நேரமா?

ஜனவரி 9, இரவு 9:40

குமரி மாவட்டத்துப் பள்ளியாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "தங்கச்சி மாப்பிள்ளைக்கு டிக்கெட் போட்டிருக்கோம். போகும்போது திருவனந்தபுரத்தில் காலை 4:20-க்கு ஏறி துபாயில் 7:10-க்கு இறங்குகிறார். வரும்போது அங்கே இரவு 9:30-க்கு ஏறி இங்கே விடியற்காலம் 3:05. போக 2 மணி 50 நிமிஷம், வர 5 மணி 35 நிமிஷம். வரும்போது எதிர்க்காற்று என்று டிராவல்ஸில் சொன்னார்கள். இவ்வளவா காற்று அடிக்கும்?"

காற்று இல்லை. டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறும் ஊர்க் கடிகாரப்படி இருக்கும், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி இருக்கும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். போகும்போது அந்த ஒன்றரையைக் கூட்டுங்கள்: 4 மணி 20 நிமிடம். வரும்போது கழியுங்கள்: 4 மணி 5 நிமிடம். வித்தியாசம் வெறும் கால் மணி நேரம். அதுவும் நீங்கள் கேட்டதற்கு நேர்மாறு, போகும்போதுதான் கூடுதல்.

ஜனவரி 9, இரவு 10:15

அவசரத்தில் பாதிதான் எழுதினேன். கால் மணி நேர வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் காற்றுதான் காரணம். டிராவல்ஸில் சொன்னதில் காற்று என்ற சொல் சரி, திசைதான் மாறிப்போனது. மேலே பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே காற்று ஓடும். துபாய் இருக்கிற 25 பாகை அட்சரேகைப் பக்கம் போகப்போக அது பலம் கூடும். மேற்கே போகிற விமானம் அதை எதிர்த்துப் போகிறது, திரும்பி வரும்போது அது முதுகில் தள்ளுகிறது.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 2,950 கி.மீ. பூமியின் உருண்டைப் பரப்பின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம் இது. தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் வராது.

ஜனவரி 10, காலை 6:50

ராத்திரி படுத்த பிறகு தோன்றியது. அந்த ஒன்றரை மணி நேரம் சும்மா யாரோ எழுதி வைத்த கணக்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சூரியன் ஒரு பாகை தீர்க்கரேகையைக் கடக்க 4 நிமிடம் எடுக்கும். திருவனந்தபுரம் 77-க்குக் கொஞ்சம் குறைவு, துபாய் 55-க்குக் கொஞ்சம் கூடுதல். இடையில் இருபத்தொன்றரைப் பாகை, நாலால் பெருக்கினால் 86 நிமிடம். கடிகாரத்தில் 90. நாலே நிமிடம்தான் பிசகு. நம் கடிகாரம் 82½ பாகையை வைத்து ஓடுகிறது, அவர்களுடையது 60 பாகையை வைத்து. ஆக, துபாயில் சூரியன் உச்சிக்கு வருவதும் உண்மையிலேயே நமக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிந்தித்தான்.

பக்கத்து வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இதைச் சொன்னேன். "அப்போ மாமா, ஏறும்போது ஒன்றரை மணி நேரம் லாபமா?" என்றாள். லாபம்தான் மக்களே, ஆனால் வரும்போது வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றேன்.

ஜனவரி 12, மதியம்

குலசேகரத்துக்காரர் ஒருவர்: "2,950 கி.மீ. என்றால் மணிக்கு 840 வீதம் மூன்றரை மணி நேரம்தானே? டிக்கெட்டில் ஏன் 4:20?"

840 என்பது மேலே போய் நிமிர்ந்த பிறகு உள்ள வேகம். ஏறுவதற்கு இருபது இருபத்தைந்து நிமிடம், இறங்குவதற்கு அதைவிடக் கொஞ்சம் கூட. அந்த நேரத்தில் வேகம் குறைவு. அப்புறம் டிக்கெட்டில் போடுகிற நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைந்ததிலிருந்து அந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கிறவரை. தரையில் உருண்டு போவது, ஓடுபாதை முனையில் முறை காத்து நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். துபாய் மாதிரிப் பெரிய இடத்தில் இறங்கிய பிறகு உருள்வதே பதினைந்து நிமிடம் ஆகும். அதற்கு மேல், தாமதமானாலும் சமாளிக்கட்டும் என்று கம்பெனிக்காரர்கள் சில நிமிடங்களைச் சேர்த்தே போடுவார்கள். நேரத்துக்கு முன்னால் இறங்கிவிட்டோம் என்று அறிவிக்கும்போது நாம் சந்தோஷப்படுகிறோமே, அது இந்தச் சேமிப்பிலிருந்து வருகிற சந்தோஷம்.

பாதையும் நேர்கோடாக இருக்காது. நம் பக்கத்து வானம் சென்னை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில். கடலுக்குள் போனதும் மும்பை. நடுக்கடலுக்கு அப்பால் மஸ்கட். அப்புறம்தான் எமிரேட்ஸ். ஒவ்வோர் எல்லையையும் குறித்து வைத்த புள்ளியில்தான் தாண்ட முடியும்.

ஜனவரி 12, இரவு

ஓடுபாதை பற்றி ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. திருவனந்தபுரத்தின் ஓடுபாதைக்கு இரண்டு முனைகளிலும் 14, 32 என்று எண் போட்டிருக்கும். வடக்கிலிருந்து வலமாக அளந்தால் 140 பாகை, 320 பாகை என்று அர்த்தம், கடைசிச் சுழியை விட்டுவிடுவார்கள். அங்கிருந்து துபாய் எந்தத் திசையில் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 312 பாகை. ஏறக்குறைய ஓடுபாதையே துபாயைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டு கிடக்கிறது! வடமேற்கு முகமாக எழும்பினால் கடலுக்கு மேல் போய் அப்படியே நேராகப் போக வேண்டியதுதான். சென்னை விமானம் அதே முகமாக எழும்பினால் வலப்பக்கம் நன்றாக வளைய வேண்டும், சென்னை இருப்பது 35 பாகையில்.

பதினொரு வருஷம் அந்தப் பாதையில் போய்வந்தவன் நான். ஜன்னல் ஓரம் கிடைத்தால், எழும்பின அடுத்த நிமிடமே வலைத்தோணிகளும் அலைநுரையும் காலடியில் தெரியும். ஊர் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும்.

ஜனவரி 20

"துபாய்தானே, பக்கத்தில்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். டெல்லி பார்த்தவர்கள் குறைவு, கல்ஃப் பார்க்காத வீடு குறைவு. ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி சுமார் 2,220 கி.மீ. தான். துபாய் அதைவிட எழுநூற்றுச் சொச்சம் கூட.

இன்னொன்றும் பார்த்தேன். திருவனந்தபுரத்திலிருந்து சென்னை 612 கி.மீ., மாலத்தீவின் மாலே 605, கொழும்பு 357. மூன்றும் விமான நிலையத்துக்கு விமான நிலையம், நேர்த்தூரம். சொந்த மாநிலத் தலைநகரைவிட இரண்டு வெளிநாட்டு விமான நிலையங்கள் நமக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. கேரள எல்லையோரக் களியக்காவிளையில் நின்று யோசித்தால் இது ஆச்சரியமில்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் நமக்குத் தலைநகரமே திருவனந்தபுரம்தானே.

பிப்ரவரி 3, இரவு 11:30

பளுகலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கொச்சிக்கு விமான நேரம் குறைவு, டிக்கெட்டும் மலிவு. கொச்சியில் இறங்கலாமா அண்ணா?"

இதற்கு நீளமாகப் பதில் சொல்லாமல் விட முடியாது.

துபாய்–கொச்சி நேர்த்தூரம் சுமார் 2,780 கி.மீ. திருவனந்தபுரத்தைவிட 170 குறைவு. வானத்தில் அது பன்னிரண்டு நிமிடம்.

2011 பிப்ரவரியில் ஒரு மாலை ஆறு மணிக்கு அம்மா போன் பண்ணினாள். அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், முடிந்தால் கிளம்பு மக்களே என்றாள். என் முன்னால் இரண்டு விமானங்கள் இருந்தன. ஒன்று அன்று இரவு பத்தரைக்குக் கொச்சிக்கு. இன்னொன்று நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்குத் திருவனந்தபுரத்துக்கு. நான் முதலில் கிளம்புவதைப் பிடித்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் பிடிப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாதே, கிளம்பிவிட்டால் போதும் என்று இருக்கும்.

நெடும்பாசேரியில் இறங்கும்போது நாலு மணி. பெட்டி எடுத்து டாக்சி பிடித்து வெளியே வர ஐந்தேகால். அங்கிருந்து களியக்காவிளை சுமார் 260 கி.மீ. ஆலப்புழை தாண்டும்போதே விடிந்துவிட்டது, கொல்லத்தில் பள்ளிக்கூட நேரம், திருவனந்தபுரத்தில் ஆபீஸ் நேரம், பாலராமபுரம் சந்திப்பில் அசையவே இல்லை. ஆஸ்பத்திரிப் படியேறும்போது பன்னிரண்டரை. அப்பா பதினொன்றே காலுக்குப் போய்விட்டார்.

மூன்று மணி விமானத்தில் வந்திருந்தால் எட்டரைக்கு இறங்கி, ஒன்பதரைக்கு வெளியே வந்து, பத்தே முக்காலுக்கு அங்கே இருந்திருப்பேன். பல தடவை இந்தக் கணக்கைப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் மிச்சம் வருகிறது.

ஆகவே தம்பி, டிக்கெட் மலிவாக இருக்கலாம், நேரம் குறைவு என்று மட்டும் யாரும் சொன்னால் நம்பாதீர்கள். விமானம் எப்போது இறங்கும் என்று பார்க்காமல், வீட்டு வாசலில் எப்போது கால் வைப்போம் என்று பாருங்கள்.

பிப்ரவரி 4, காலை

ராத்திரி எழுதியதை வாசித்தேன். எடுக்கவில்லை, இருக்கட்டும். ஆறுதல் எழுதினவர்களுக்கு நன்றி. ஒன்றை மட்டும் நியாயமாகச் சேர்க்க வேண்டும்: அந்த மூன்று மணி விமானம் தாமதமாகியிருக்கலாம். அப்படி ஆகியிருந்தால் என் கணக்கு பொய். அது தாமதமானதா என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

பிப்ரவரி 18

திருவனந்தபுரம் வந்து விமானம் ஏறலாமா என்று செங்கோட்டைக்காரர் கேட்டதற்கு: உங்களுக்குச் சென்னை போக வேண்டுமென்றால் திருவனந்தபுரம் சரிவராது. ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு வழி சுமார் 110 கி.மீ., மலைவளைவுகள், மழையென்றால் நாலு மணி நேரம்கூட ஆகும். தூத்துக்குடி வாகைக்குளம் உங்களுக்குச் சமவெளிப் பாதை. மதுரை தூரம் கூட, ஆனால் விமானங்களும் கூட. கல்ஃபுக்கு நிறைய விமானங்கள் வேண்டுமென்றால் மலை ஏறத்தான் வேண்டும்.

எங்களைப் போலக் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னை விமானம் ஒரு மணி 25 நிமிடம். ஏர்போர்ட் போக ஒன்றேகால், இரண்டு மணி நேரம் முன்னால் போய் உட்கார்வது, அங்கே இறங்கிப் பெட்டி எடுத்து ஊருக்குள் போக ஒன்றரை. மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல். மாலையில் குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். அதில் பாதி நேரம் தூக்கம். அவசரம் இல்லையென்றால் நான் ரயில்தான்.

மார்ச் 2

காரோடு பைபாஸில் போனால் ஏர்போர்ட்டுக்குச் சீக்கிரம் போகலாமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. ஆமாம், அது திறந்த பிறகு கல்ஃப் போகிறவர்களுக்குப் பெரிய உபகாரம். கேரள எல்லையில் காரோட்டில் ஏறினால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை எதையும் தொடாமல் கோவளம் வழியாக சாக்கை வரை போய்விடலாம், வெளிநாட்டு முனையம் அங்கேதான். நான் போனமுறை காரோட்டிலிருந்து நாற்பது நிமிடத்தில் போனேன். ஆனால் அந்தக் காரோட்டுக்கு நம் வீட்டிலிருந்து போய்ச் சேர்வதற்கு அதே நாற்பது நிமிடம் ஆகிறது, நம் பக்கத்துச் சாலை வேலை அப்படிக் கிடக்கிறது.

கவனம்: உள்நாட்டு முனையம் வேறு. அது ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், சங்குமுகம் கடற்கரையில். அத்தையைச் சென்னைக்கு ஏற்றிவிடப் போனபோது பழக்கதோஷத்தில் நான் சாக்கைக்குக் கொண்டு விட்டுவிட்டேன். விமானம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது, ஆனால் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடைசி ஆளாக அத்தை உள்ளே போனாள்.

ஏப்ரல் 14

சித்திரை விஷு வாழ்த்துகள். சம்பந்தமுள்ள ஒரு செய்தி: வருஷத்துக்கு இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமி கோவில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகும். மாலையில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். விமான நிலையம் 1932-இல் வந்தது. ஊர்வலப் பாதை அதற்கு எவ்வளவோ முந்தியது. அன்று அறிவிப்பு முன்கூட்டியே வரும், கம்பெனிகள் நேரத்தை மாற்றிக்கொள்ளும். நம் ஆள்கள் பழைய டிக்கெட் நேரத்தை நம்பிப் போய் நிற்காமல் இருந்தால் சரி.

சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் வைத்து அந்த ஊர்வலம் பார்க்கக் கூட்டிப்போனது ஞாபகம். யானை நடந்துபோன அதே தாரில் நான் பிறகு எத்தனை தடவை எழும்பினேன்.

ஜூலை 21

பெரிய திருத்தம். ஜனவரியில் நான் எழுதியதை நம்பி ஒருவர் அண்ணனை வழியனுப்பப் போயிருக்கிறார். "போகும்போது எதிர்க்காற்று என்றீர்கள். அண்ணன் போன விமானம் இருபது நிமிடம் முன்னாலேயே இறங்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறார்.

பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். சக்கரம் தரையைவிட்ட நேரத்தையும் தொட்ட நேரத்தையும் குறித்து வைப்பது எனக்குப் பழக்கம். ஜனவரிப் பயணங்களில் போக 4 மணி 5 நிமிடம், வர 3 மணி 30 என்கிற அளவில் இருக்கிறது. ஜூலையில் போக 3:40, வர 3:50. தலைகீழ்! பதினொரு வருஷமாக என் கையெழுத்திலேயே இருந்தது, நான் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

காரணம் இது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேல் இரண்டு காற்று. கீழே மேற்கிலிருந்து வந்து மழை கொட்டுகிற காற்று. மேலே, விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும், கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிற காற்று. கோடையில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் சூடேறுவதால் அது உண்டாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே பலமாக இருக்கும். இந்தக் கீழைக் காற்றோட்டத்தைப் பற்றி 1958-இல் ஆய்வுக்கட்டுரை எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அதே நேரத்தில் துபாய்ப் பக்கத்து மேலைக் காற்று வடக்கே விலகிப் போய்விடும். ஆகவே ஆடி மாதத்தில் கல்ஃப் போகிறவரை ஊர்க் காற்றே தள்ளிவிடுகிறது.

ஜனவரி 9 குறிப்பில் "குளிர்காலத்தில்" என்ற சொல்லைப் போட்டிருந்தேன். ஆனால் அதற்கு அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் எப்போதும் அப்படித்தான் என்பது போலப் பதில் சொல்லியிருக்கிறேன். அது தவறு.

ஜூலை 22

"அப்படியென்றால் டிக்கெட் நேரமும் மாறுமா?" ஆம். கம்பெனிகள் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அட்டவணையை மாற்றும். பறக்கும் நேரத்தையும் அப்போது திருத்துவார்கள்.

செப்டம்பர் 6

பள்ளியாடிக்காரர் திரும்பி வந்திருக்கிறார், மாப்பிள்ளை அடுத்த வாரம் லீவில் வருகிறாராம். "அம்மாவுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? விமானம் ஏறிவிட்டான் என்று போன் வந்ததிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்."

என் அம்மாவுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். சுவரில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் மாட்டி ஒன்றரை மணி நேரம் பின்னால் வைத்தேன். அம்மா முதல் வாரம் அதைப் பார்க்கவே இல்லை. அப்புறம் ஒருநாள் போனில், "அங்க இப்போ நாலரைதானே, இன்னும் சாயா குடிக்கலியா?" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் கணக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வருகிற நாளுக்கு ஒரு துண்டுத்தாளில் நம் ஊர் நேரத்தில் மட்டும் எழுதிக் கொடுங்கள். ஏறுவது: இரவு 11:00. இறங்குவது: 3:05. வெளியே வருவது: 4:00. வீடு: 5:15. ஆறு வரை வராவிட்டால் மட்டும் போன் பண்ணவும். கடைசி வரியை மறக்காமல் எழுதுங்கள், அதுதான் அவர்களைத் தூங்க வைக்கும்.

செப்டம்பர் 14, காலை 7:20

பள்ளியாடியிலிருந்து செய்தி. மாப்பிள்ளை 2:50-க்கே இறங்கிவிட்டார். பெட்டி வர நேரமாகி வெளியே வந்தது 4:10. வழியில் காரோட்டில் சாயா. வீட்டு வாசலில் 5:25. அம்மா தூங்கவில்லையாம், தாளைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்தாராம். பத்து நிமிடம் பிந்திவிட்டாய் என்று சொன்னாராம்.